நாலு காகிதமும் தோல் கவசமும்

காலை ஒன்பது மணிக்கு மைஸம் கைபேசிக் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டால், அந்த வீட்டில் ரஃபலுக்கென்று இரண்டு இடங்கள்தான். ஒன்று சமையலறை. இன்னொன்று அண்ணன் அறையில், தொலைக்காட்சிக்கு முன்னால் கிடக்கும் பஞ்சு பிதுங்கிய மெத்தை. சமையலறையில் ஜன்னல் உண்டு. ஆனால் அது பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்குள்ளே ஒரு பள்ளத்தாக்கே இருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கும் அடைபட்டதுதான். மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் ஆறு, ஆற்றின் மேல் ஒரே ஒரு கல்பாலம். பாலத்தின் நடுவில் சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு ராட்சதன். அவனைத் தாண்டினால்தான் மற்ற உலகம். கந்தல் சட்டையோடு போனால் ஒரே அடி. ஆள் காலி. மறுபடியும் நெருப்புக் குழியின் பக்கத்தில் எழுந்து உட்கார வேண்டும்.

மைஸமும் அவன் கூட்டாளிகள் தஹ்ஸீனும் ஹம்மூதியும் எத்தனை தடவை அப்படி எழுந்து உட்கார்ந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஆட்டத்தைச் செய்தவர்கள் ஆரம்பத்தில் அணிவதற்காக வைத்திருந்த நல்ல கவசம் காட்டுப்பன்றித் தோலில் தைப்பது. பன்றிக் கொழுப்பைத்தான் அதற்குத் தடவ வேண்டும். மூன்று பேரும் அதைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள்.

"ஆட்டம்தானேடா, பொம்மைப் பன்றிடா அது" என்று தஹ்ஸீன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

"அப்படியா? அதை உங்க அம்மா முன்னாடி சொல்லேன்" என்றான் ஹம்மூதி. பேச்சு அதோடு முடிந்தது.

அதனால் இரும்பை உருக்கிக் கவசம் செய்துகொண்டார்கள். பளபளவென்று இருந்தது. கனமோ கனம். ராட்சதன் சம்மட்டியை ஓங்குவதைப் பார்த்துவிட்டு உருண்டு விலகலாம் என்றால், இரும்பு மாட்டினவன் சாக்கு மூட்டை மாதிரி ஒரு முழம்தான் நகர்ந்தான். இரண்டு அடி தாங்கினான். மூன்றாவது அடியில் செத்தான்.

ரஃபலுக்கு இதெல்லாம் தெரிந்தது சுவர் வழியாக. அண்ணன் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது மெல்லிய சுவர். அவன் கத்துவது, திட்டுவது, சாவது எல்லாம் கேட்கும். அவன் இல்லாத காலை நேரங்களில், அம்மா மாவு பிசையும்போது, இவள் மெதுவாகப் போய் ஆட்டத்தில் அவன் ஆட்டுவிக்கும் அதே ஆளை எடுத்து நடக்கவிட்டாள். தாடி வைத்த, தோள் அகன்ற ஓர் ஆள். அவன் உடம்புக்குள் ஏறிக்கொண்டால் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். பாலம் வரைக்கும்.

போன வருஷம் வரை அவள் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போன வருஷம் அவள் பள்ளிக்குச் சாயங்கால முறை விழுந்தது. குளிர்காலத்தில் மணி அடிக்கும்போதே இருட்டிவிடும். "இருட்டினப்புறம் என் பொண்ணு ரோட்டுல நடக்க மாட்டா" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டு எண்ணெய் வயலுக்குப் பஸ் ஏறிவிட்டார். அவருக்கு இருபத்தெட்டு நாள் அங்கே வேலை, இருபத்தெட்டு நாள் வீடு. மற்றதையெல்லாம் மைஸம் பார்த்துக்கொள்வான்.

பள்ளிக்குப் போகாமலே மூன்றாம் இடைநிலைத் தேர்வை, அதாவது ஒன்பதாம் வகுப்புத் தேர்வை, தனித்தேர்வராக எழுதலாம் என்று எதிர்வீட்டு ஸம்ராதான் சொன்னாள். கல்வி அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். வீட்டு ஆண் ஒருவர் கூட வர வேண்டும். நாலு காகிதம் வேண்டும். அந்த ஊரில் எந்த வேலைக்குப் போனாலும் கேட்கிற அதே நாலு: அடையாள அட்டை, குடியுரிமைச் சான்று, குடியிருப்பு அட்டை, ரேஷன் அட்டை. அந்த நாலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் மைஸமின் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பதிவு முடிகிறது. தவறினால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷத்துக்குள் அத்தை மகனைப் பற்றிய பேச்சு கனிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அத்தை வரும்போதெல்லாம் அவள் கைவிரல்களைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மைஸம் கண்டுபிடித்துவிட்டான். மதியம் வந்து ஆட்டத்தைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"ரஃபல்! இங்க வா. இந்த மான் தோலெல்லாம் யாரு சேத்தது? நாப்பத்தொண்ணு இருக்கு."

அவள் கதவருகே நின்று தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாயில கொழுக்கட்டையா? நீதானே?"

"பன்றித் தோலு வேணாம்னுதானே சொன்னீங்க" என்றாள். "மான் தோலு மெல்லிசு. ஆனா ரெண்டு தோலுக்கு நடுவுல நாணல் வெச்சு, பிசின்ல மூணு தடவை காய்ச்சினா கெட்டியாயிடுது. கனமும் இல்ல. ஒரு கையுறை செஞ்சு பாத்தேன்."

மைஸம் கையுறையை எடுத்து மாட்டினான். எண்களைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். மறுபடியும் எண்களைப் பார்த்தான்.

"நாலு உருப்படியும் செய்வியா? தலைக்கு, மாருக்கு, கைக்கு, காலுக்கு?"

"செய்வேன். நீ என்னைக் கல்வி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போகணும். வியாழக்கிழமைக்குள்ள. நாலு காகிதத்தோட."

அவன் சிரித்தான். "நாலுக்கு நாலா? பெரிய வியாபாரிதான். வியாழக்கிழமை நான் கடைக்கு லீவு. நீ கவசத்தை முடி. கூட்டிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"ஆமாங்கறேன்ல."

"சத்தியம் பண்ணு."

சமூன் ரொட்டி வாயில் இருந்தது. மென்றுகொண்டே சொன்னான்: "அப்பாஸ் மேல சத்தியம். போதுமா? போ, டீ போடு. இன்னொண்ணு. மைக்க எப்பவும் மூடி வை. உன் குரல் அந்தப் பசங்க காதுல விழுந்துச்சு, அவ்ளோதான்."

ரஃபல் டீ போடப் போனாள். கடவுள் மேல் சத்தியம் செய்து மீறினால் அவன் கருணையாளன், மன்னிப்பான் என்பார்கள் அந்தத் தெருவில். போர்க்களத்தில் உயிர்விட்ட புனிதர் அப்பாஸ் பேரில் செய்துவிட்டு யாரும் விளையாடுவதில்லை. அவர் கோபக்காரர். மீறினவனுக்கு வாய் கோணிப்போன கதை ஒன்று, கார் கவிழ்ந்த கதை ஒன்று என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை முழுக்க நாணலும் பிசினும் சேகரித்தாள். பிசின் எடுக்க மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே ஓநாய்கள். ஒரு மரத்துக்கு ஒரு சொட்டு. தலைக்கவசத்தையும் காற்கவசத்தையும் முடித்து நெருப்புக் குழிக்கு எடுத்துப் போனாள். இந்த ஆட்டத்தில் செய்த பொருள் எதுவாக இருந்தாலும் நெருப்புக் குழியில் உட்கார்ந்து எழுந்தால்தான் நிலைக்கும். தைக்கும் குடிசை ஒரு கோடியில், குழி இன்னொரு கோடியில்.

செவ்வாய்க்கிழமை மார்புக்கவசம். அதுதான் பெரியது, பன்னிரண்டு தோல் தின்றது. காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, தைத்து முடித்தபோது பதினொன்றே கால். அரசாங்க மின்சாரம் பதினொரு மணிக்கே போய், தெரு ஜெனரேட்டரின் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நோஞ்சான் மின்சாரம். ஒரு தொலைக்காட்சி, ஓர் ஆட்டப்பெட்டி, ஒரு குழல்விளக்கு, அவ்வளவுதான் தாங்கும். அவள் கவசத்தை மாட்டிக்கொண்டு குழியை நோக்கி ஓடினாள். புகை தெரிந்தது. இன்னும் முப்பது அடி. இருபது.

கூடத்தில் அம்மா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் செருகினாள்.

டப்.

"அய்யோ, கரண்டு போயிடுச்சா?" என்றாள் அம்மா கூடத்திலிருந்து. "அரசாங்கக் கரண்டுன்னுல்ல நெனச்சேன்."

ரஃபல் கறுத்துப்போன திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைத் திட்ட முடியாது. அப்பா வரப்போகிறார், சட்டைகள் மடிப்போடு இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே, தூணில் இருக்கும் பிரேக்கரை ஏற்றிவிடக்கூட அவளால் முடியாது. எதிரே டீக்கடையில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா தன் கறுப்பு அங்கியை, அபாயாவைத் தேடி, மாட்டி, வெளியே போய் ஏற்றிவிட்டு வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. மின்சாரம் திரும்பி வந்தபோது பன்னிரண்டு தோலும் இல்லை, கவசமும் இல்லை.

"என்னம்மா மூஞ்சி இப்படி இருக்கு? ஆட்டம்தானே" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. ஆட்டம்தான்."

மறுபடியும் மான் தேடக் கிளம்பினாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். முதலில் செய்த கையுறை ஓநாய்க் கடி வாங்கி வாங்கி விறைத்துப்போய், ஓரத்தில் பிளக்க ஆரம்பித்திருந்தது. கொழுப்பு தடவ வேண்டும். பன்றிக் கொழுப்பு கிடையாது. ஆற்றில் மீன் பிடித்து, குடலை உருக்கி எண்ணெய் எடுத்துத் தடவிப் பார்த்தாள். தோல் மறுபடியும் கருத்துப் பளபளத்தது. ஆட்டத்தில் எங்கேயும் எழுதி வைக்காத விஷயம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொல்ல ஆளில்லை.

புதன்கிழமை மதியம் நாலு உருப்படியும் தயார். மைஸம் வந்ததும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன இது, ஆடு மேய்க்கறவன் மாதிரி? இரும்பு எவ்ளோ கம்பீரமா இருந்துச்சு."

"போட்டுட்டுப் பாலத்துக்குப் போ."

போனான். சம்மட்டி இறங்கியது. உருண்டான். முழுசாக இரண்டு ஆள் தூரம் உருண்டான். அடுத்த அடி தோளில் பட்டது. உயிர் பாதி போயிற்று, ஆனால் நின்றான்.

"யம்மா!" என்று கத்தினான். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நான் சாகல!"

"இதுக்கா கத்தின? அடுப்புல சோறு இருக்குடா."

அதற்குள் கூட்டாளிகளும் தங்கள் வீடுகளிலிருந்து ஆட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். எங்களுக்கும், எங்களுக்கும் என்றார்கள். தோலும் பிசினும் அவர்கள் கொண்டுவந்து குவித்தார்கள். மைஸம் காதில் மாட்டிக்கொண்டு பேச, பக்கத்தில் உட்கார்ந்து ரஃபல் ஆட்டப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு தைத்தாள்.

"எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றான் தஹ்ஸீன். பேச்சு ஒலிபெருக்கியிலும் வந்தது.

"மூளை வேணும் மச்சான். நாணலை நடுவுல வெக்கணும்னு எனக்குத் தோணுச்சு."

"பட்டறை ஆசானைக் கூப்பிடற மாதிரி இனிமே உன்னை உஸ்தான்னுதான் கூப்பிடுவோம். உஸ்தா மைஸம்! கையில தொழில் இருக்குடா உனக்கு."

ரஃபலின் விரல்கள் பொத்தான்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மூச்சு சத்தமாக விட்டால்கூட அண்ணன் முழங்கையால் இடித்தான். இரண்டு செட்டும் முடிந்தபோது வெயில் இறங்கிவிட்டது.

"அண்ணா, இதுக்கு ஒண்ணு தடவணும்" என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "போ போ, டீ" என்றான்.

அவள் போனாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே குளித்து, அபாயா மாட்டி, பழைய மதிப்பெண் தாளை உறையில் போட்டு, கூடத்தில் உட்கார்ந்தாள். ஒன்பதுக்கு மைஸம் எழுந்தான். ஒன்பதரைக்கு மெத்தையில் உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு ஆட்டம். இன்னிக்கு ராட்சதன் காலி. பத்து மணிக்குக் கிளம்பறோம்."

பத்து ஆயிற்று. "தோ, தோ, பாதி உயிர் போயிடுச்சு அவனுக்கு."

பத்தே முக்கால். கதவருகே போய் நின்றாள். "அண்ணா."

"நிழல் விழுது, நகரு."

பதினொன்று. அம்மா கூடத்தில் தானியம் புடைத்துக்கொண்டே, "வருவான், வருவான். ஆம்பளைங்களை அவசரப்படுத்தினா அந்த வேலை நடக்கவே நடக்காது" என்றாள். சொல்லிவிட்டு மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அலுவலகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. போக நாற்பது நிமிஷம். ரஃபல் கூடத்துக் கடிகாரத்தையும் அறைக் கதவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இந்த வீட்டில் அவளால் திறக்க முடியாத கதவு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெறுமனே சாத்தித்தான் இருந்தன. திறந்துகொண்டு போய் என்ன செய்வது? டப்பா பூட்டியிருந்தது. ஆண் துணை இல்லாமல் அந்த அலுவலக ஜன்னலில் யாரும் காகிதம் வாங்கமாட்டார்கள். நெருப்புக் குழியிலிருந்து பாலம், பாலத்திலிருந்து நெருப்புக் குழி.

பதினொன்று இருபதுக்கு அறையில் ஒரே கூச்சல்.

"டேய், என் மார்க்கவசம் பிளந்துடுச்சு!"

"என்னுதும்! கைய தூக்க முடியல, மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு!"

"உஸ்தா, என்னடா தைச்சிருக்க? பழைய செருப்பையா?"

மூன்று பேரும் அடுத்தடுத்து செத்தார்கள். நெருப்புக் குழியில் வரிசையாக எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இருங்கடா, யோசிக்கறேன்" என்றான் மைஸம். தலையைச் சொறிந்தான். திரும்பி ரஃபலை ஒரு பார்வை பார்த்தான்: என்ன செய்வது, சொல்லு. மைக் அவன் வாய்க்கு முன்னால் ஒரு விரல் நீளத்துக்கு நீண்டிருந்தது.

ரஃபல் பக்கத்தில் வந்து குனிந்தாள். காதில் சொல்லப்போகிறாள் என்று அவன் தலையைச் சாய்த்துக் கொடுத்தான். அவள் மைக்குக்கு நேராகப் பேசினாள். தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அண்ணா, நீ என்னைக் கல்வி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அப்பாஸ் மேல சத்தியம் பண்ணியிருக்க. ஒரு மணிக்கு மூடிடுவாங்க."

பாலத்தின் மேல் ராட்சதன் சம்மட்டியைத் தோள் மாற்றி வைத்தான்.

"யாருடா அது?" என்றான் ஹம்மூதி.

"நான் அவர் தங்கச்சி. கவசம் தைச்சது நான்."

மைஸம் மைக்கை முறுக்கி மேலே தள்ளினான். முகம் செங்கல்லாகியிருந்தது. கை ஓங்கிவிட்டது. ஆனால் அதற்குள் ஒலிபெருக்கியிலிருந்து தஹ்ஸீனின் குரல் வந்தது, அவசர அவசரமாக.

"மைஸம், அப்பாஸ் மேலயாடா பண்ணின? பைத்தியமாடா நீ? எங்க மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல? பண்ணிட்டு எங்ககூட வந்து உக்காந்திருக்கியே! நான் போறேன்பா. உன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன், அது பாலமா இருந்தாலும் சரி, ரோடா இருந்தாலும் சரி."

"நானும்" என்றான் ஹம்மூதி. "அதான் பிளந்துடுச்சு போல கவசம். தங்கச்சி, மன்னிச்சுக்கம்மா, எங்களுக்குத் தெரியாது." பட்டென்று இரண்டு பெயர்களும் திரையில் அணைந்தன. நெருப்புக் குழியில் தாடிக்காரன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

அம்மா முறத்தோடு அறை வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"பண்ணினியா?"

மைஸம் மெத்தையின் பஞ்சைப் பிய்த்தான்.

"வாயத் தொறந்து சொல்லு. அந்தப் பேரச் சொன்னியா?"

"சாப்பிட்டுட்டு இருக்கும்போது... சும்மா..."

"சும்மாவா! உங்க அப்பா எண்ணெயும் நெருப்புமா இருக்கற எடத்துல நிக்கறாரு. நீ சும்மா சொல்லிட்டு இங்க உக்காந்திருக்க!" முறம் கீழே விழுந்தது. கோதுமை அறை முழுக்க ஓடியது. "எழுந்திரு. செருப்ப மாட்டு. ஒரு மணின்னா ஒரு மணிக்குள்ள அவ பேரு அங்க ஏறணும்."

ஓங்கின கை எங்கே போவது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றது. பிறகு பாக்கெட்டுக்குள் போய் அலமாரிச் சாவியை எடுத்தது.

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பன்னிரண்டே கால் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் நாலு காகிதத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நகல்?" என்றார். மைஸம் தெரு தாண்டி ஓடினான். நகல் கடைக்காரன் தொழுகைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வரும்வரை பெண்கள் வரிசையில் ரஃபல் தனியாக நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இத்தனை பேருக்கு நடுவில், வெளிச்சத்தில். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவன் மூச்சு வாங்க வந்து நகலை நீட்டினான். அலுவலர் முத்திரை குத்தினார். கையளவு சீட்டு ஒன்று கிடைத்தது. அவள் பெயர், ஓர் எண். தேர்வு மையம் பின்னால் அறிவிக்கப்படும்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோதுதான் மைஸம் வாயைத் திறந்தான்.

"இனிமே அந்த ரூம்ல உன் கால் படக்கூடாது."

"சரி."

"ஆட்டத்தைத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

"சரிண்ணா."

அன்றிலிருந்து அறைக்குப் பூட்டு வந்தது. ரஃபலுக்கு சமையலறை மட்டும்தான். மேஜை கிடையாது. மாவுப் பானையைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் ஸம்ரா கொடுத்த பழைய கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவர். சில சமயம் பிசின் சொட்டும் மரங்களை நினைத்துக்கொண்டாள். அந்த மலையடிவாரத்தில் இனி நடக்க முடியாது.

ஒரு வாரத்தில் தஹ்ஸீனும் ஹம்மூதியும் திரும்பி வந்துவிட்டார்கள். சத்தியம் நிறைவேறிவிட்டதே. மதியங்களில் சுவர் வழியாகக் கேட்டது.

"மறுபடியும் பிளந்துடுச்சுடா!"

"சத்தியம்தான் நிறைவேறிடுச்சே? இன்னும் ஏன்டா பிளக்குது?"

"உஸ்தாகிட்ட கேளுடா."

"நான்தாண்டா உஸ்தா."

"நீ இல்லடா. நிஜ உஸ்தாகிட்ட."

பிறகு அறைக் கதவு திறந்தது. காலடிகள் சமையலறை வாசல் வரை வந்து நின்றன. ரஃபல் நிமிரவில்லை. புத்தகத்தின் ஓரத்தில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீ இருக்கா?" என்றான் மைஸம்.

"இருக்கு."

அவள் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தான். போகவில்லை. கிளாஸை விரலால் உருட்டினான்.

"அந்தத் தோலு," என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு ஏதோ தடவணும்னு சொல்ல வந்தியே."

மீன் எண்ணெய். ஒரே சொல். நாக்கு நுனியில் இருந்தது. தேர்வு ஜூன் மாதம். ஏழு நாள், ஏழு தாள். மையம் எங்கே விழும் என்று தெரியாது. ஏழு தடவை யாராவது கூட்டிக்கொண்டு போய், ஏழு தடவை வாசலில் காத்திருக்க வேண்டும். சத்தியம் இனி ஒருபோதும் அவன் செய்யமாட்டான்.

"நெனவில்லண்ணா" என்றாள். "தேர்வு முடியட்டும். ஞாபகம் வரும்."

மைஸம் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கவிழ்த்த பானையின் மேல் பக்கத்தைத் திருப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாரோ சம்மட்டி அடி வாங்கிக் கத்தினார்கள்.